நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நைனா சொன்னார்

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்த புதன்கிழமை வீட்டில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், நர்சிங் காலேஜில் இடம் கிடைத்துப் பணம் கட்டக் காத்திருந்த தங்கச்சி இருந்தாள். யாரோ ஆபீசர் வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு அத்தைகூட இருந்தாள். நான் இல்லை. அந்த பாலிசியின் முப்பத்தெட்டுப் பக்கத்தையும் படித்திருந்த ஒரே ஆள் நான். சித்தூரில் எங்கள் வீட்டு ஹாலில் அவர் உட்கார்ந்திருந்தபோது நான் எழுபது கிலோமீட்டர் தள்ளி, திருப்பதியில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக் கூடத்தில், யாருடைய ரத்தத்தையோ சிரிஞ்சில் இழுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வியாழக்கிழமை வருவதாகத்தான் போனில் சொல்லியிருந்தார். வியாழனுக்கு நான் லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். சித்தூரில் அவருக்கு வேறு ஏதோ வேலை புதனன்றே வந்துவிட்டதாம். வந்தது வந்தோம், இந்த வீட்டையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாராம். இருபது நிமிடம் இருந்தார். 

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

நைனா என்றால் என் அப்பா. மாங்கூழ் கம்பெனியில் மூட்டையும் டிரம்மும் தூக்கத் தொடங்கி, இருபத்தைந்து வருடத்தில் லோடிங் மேஸ்திரி ஆனவர். கையெழுத்துப் போடுவார், படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதனால் வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அது எனக்காகக் காத்திருக்கும். பேங்கில் கடன் வாங்கி வீடு கட்டியபோது கடனோடு சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்சும் போட்டார்கள். பிரீமியத்தைக் கடனிலேயே பிடித்துக்கொண்டு ஒரு தடித்த கவரைக் கொடுத்தார்கள். "இதுல இன்னா எழுதிகீதுன்னு பாரு நைனா" என்று அப்பா என்னிடம் நீட்டினார். எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், செல்லமாகக் கூப்பிட்டால் பிள்ளையும் நைனாதான். "பாத்துக்கறேன்" என்று வாங்கி பீரோவில் வைத்தேன். நான்கு வருடம் அது அங்கேயே இருந்தது. படித்தவன் என்ற பேர் வாங்கியவன் செய்த வேலை அது.

எனக்கு முதல் சம்பளம் வந்ததும் வீட்டுக்கு ஒரு ஆட்டோமேட்டிக் மோட்டார் ஸ்விட்ச் வாங்கி மாட்டினேன். மொட்டை மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் போர் மோட்டார் தானாக ஓடும், நிறைந்தால் தானாக நிற்கும். அதற்கு முன்னால் அம்மா தொட்டி நிரம்பி வழிகிறதா என்று வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் கோடை விடுமுறையில் மாமா மகனுக்குச் சத்யவேட்டில் கல்யாணம். வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். ஞாயிறு காலையில் நான் அங்கிருந்தே திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டேன். அதே காலையில் பக்கத்து வீட்டு அத்தை அம்மாவுக்குப் போன் செய்து, "உங்க வீட்டு வாசப்படிக்குக் கீழேர்ந்து தண்ணி வந்துக்கினே கீது" என்றிருக்கிறாள்.

சமையலறைச் சுவருக்குள் இறங்கும் குழாய், வளையும் முட்டியில் வெடித்திருந்தது. சாதாரண வீடாக இருந்தால் தொட்டியில் இருந்த தண்ணீர் மட்டும் கொட்டி நின்றிருக்கும். எங்கள் வீட்டில் நான் மாட்டிய ஸ்விட்ச் இருந்தது. தொட்டி காலியாகக் காலியாக மோட்டார் ஓடி பூமிக்குள் இருந்த தண்ணீரை எல்லாம் எடுத்து வீட்டுக்குள் ஊற்றியிருக்கிறது.

அன்று மதியம் வீடு திரும்பியதும் தங்கச்சி எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். மெத்தை ஊறி உப்பிக் கிடந்தது. அரிசி மூட்டை. அம்மாவின் தையல் மெஷின். சுவரில் வெடித்த குழாயிலிருந்து இன்னும் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் குரல்: "அண்ணா, நல்லா பாத்துக்கோ. உன் ஆட்டோமேட்டிக்கு நம்ம வீட்டையே ஏரியாக்கிக் குடுத்துகீது. அடுத்த சம்பளத்துல ஒரு படகு வாங்கினு வந்துடு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பாலிசியைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பு என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை கம்பெனிக்குப் போன் செய்து விவரம் பதிந்தேன். அடுத்த இரண்டு நாள் வேலைக்கு நடுவே அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன்.

படித்துப் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும். தண்ணீரால் வீடு கெட்டது என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தண்ணீர், எப்படி வந்தது என்பதுதான் எல்லாம். குழாயோ தொட்டியோ திடீரென்று வெடித்தால் எங்கள் பாலிசியில் பணம் உண்டு. வெள்ளம் புகுந்தால் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மாசக்கணக்கில் சுவர் ஊறினால் கிடையாது. அது வீட்டுக்காரர் கவனிக்காமல் விட்ட குற்றம். வெடித்த குழாயை மாற்றும் செலவு நம்முடையது, அது வெடித்ததால் கெட்ட சுவரும் கதவும் அவர்களுடையது. பேங்க்காரர்கள் எடுத்துக் கொடுத்தது கட்டிடத்துக்கு மட்டும். கட்டில், ஃபிரிட்ஜ், மெஷின் எதுவும் அதில் இல்லை. பொருட்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு கட்டம் இருந்தது, அது காலியாக இருந்தது. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கெட்டுப்போனதை சர்வேயர் பார்க்கும்வரை வைத்திருக்க வேண்டும் என்பது இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது.

நான் இருபத்தாறாம் பக்கத்துக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. அதற்குள் சபை வந்து போய்விட்டது.

நாங்கள் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். சபையில் ஒரு வீட்டுக்குக் கஷ்டம் என்றால் மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தோடு பத்துப் பேர் வந்து நிற்பார்கள். சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. திங்கட்கிழமை அப்படித்தான் வந்தார்கள். தண்ணீரை இறைத்தார்கள், தரையைப் பினாயில் போட்டுக் கழுவினார்கள், நாறத் தொடங்கிய மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். சபையிலேயே ஒருவர் தச்சர், ஊதிப்போய் மூடாமல் நின்ற கதவுகளை இழைத்து மூடும்படி செய்தார். இன்னொருவர் கொத்தனார், குழாயை மாற்றி, பெயர்ந்த பூச்சை உதிர்த்து, புதுசாகப் பூசிவிட்டார். வெடித்த குழாய்த் துண்டு பழைய இரும்புக்காரன் வண்டியில் போனது. யாரும் பத்துப் பைசா கூலி வாங்கவில்லை. ஜெபம் செய்து, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது வீடு பளிச்சென்று இருந்தது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"இன்னாடா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு கீற? உள்ள வா, துன்னுட்டு பேசு" என்றாள் அம்மா.

"யாருமா இத்தையெல்லாம் எடுக்கச் சொன்னது?"

"எடுக்காம? நாத்தத்துல படுத்துக்கச் சொல்றியா?"

மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். ஓடாத ஃபிரிட்ஜ், அடிப்பலகை உப்பிய சமையலறை அலமாரி, ஸ்விட்ச் போட்டால் பொறி பறக்கும் ஒயரிங். இதையாவது அப்படியே விடுங்கள், வியாழக்கிழமை நான் வந்து பேசிக்கொள்கிறேன், யாரும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் புதன்கிழமை வந்தார்.

என்ன நடந்தது என்று தங்கச்சிதான் பிறகு சொன்னாள். வாசலில் பைக் நின்றதும் அம்மா உப்பிய அலமாரிக்கு முன்னால் ஒரு பூப்போட்ட திரையைத் தொங்கவிட்டிருக்கிறாள். செத்துப்போன ஃபிரிட்ஜின் தலையில் லேஸ் துணி விரித்து பிளாஸ்டிக் ரோஜாவை வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு அதற்கு முன்னால் எந்த ஆபீசரும் வந்ததில்லை. நைனா சட்டை மாற்றிக்கொண்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். காப்பி வந்தது.

சர்வேயர் தெலுங்கில், என்னென்ன நஷ்டம் என்று கேட்டிருக்கிறார்.

நைனா கையைக் கூப்பி, "தேவுனி தயவல்ல ஏமீ நஷ்டம் லேது சார்" என்றார். கர்த்தர் தயவால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இது சபையில் சாட்சி சொல்லும் பேச்சு. ஆபரேஷன் முடிந்து வந்தவரும் சொல்வார், வேலை போனவரும் சொல்வார். உயிர் இருக்கிறதே என்று நன்றி சொல்லிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் எந்தக் கஷ்டத்தையும் பேச ஆரம்பிப்பார்கள். அது ஆரம்பம். அதைக் கேட்பவர்கள், "ஆமென், அப்புறம் இன்னா ஆச்சி?" என்று கேட்க வேண்டும். சர்வேயர் கேட்கவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

தங்கச்சி சமையலறை வாசலில் நின்று, "ஃபிரிட்ஜ் ஓடல சார், ஒயரிங் ஃபுல்லா போச்சு, அம்மாவுக்கு ஷாக் அடிச்சிச்சு" என்றிருக்கிறாள்.

"நீ உள்ள போ. பெரியவங்க பேசிக்கினு கீறோம்" என்றாராம் நைனா.

சர்வேயர் சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டைச் சுற்றினார். புதுப் பூச்சு, மூடும் கதவு, திரை, ரோஜா. குளியலறைச் சுவரின் மூலையில் ஒரு மஞ்சள் கறை இருக்கும், எந்தப் பெயின்ட் அடித்தாலும் போகாது. அவர் அதைக் காட்டி, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். நைனாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வீடு கட்டிய நாளிலிருந்து இருக்கிறது என்றார். அதை மட்டும் மூன்று கோணத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

ஒயரிங் காத்திருக்காது. அம்மாவுக்கு இரண்டாவது முறையும் ஷாக் அடித்தது. தங்கச்சியின் முதல் வருடக் கட்டணத்துக்காக நைனா பேங்கில் போட்டு வைத்திருந்த பணம் ஒன்றுதான் கையில் இருந்தது. திருப்பதிக் காலேஜில் சீட்டுக்குப் பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டியாகிவிட்டது. மீதியை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் அப்படியே கட்டிடலாம்" என்று சொன்னவன் நான்தான். என்னை நம்பி அந்தப் பணத்தை எடுத்தார்கள்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. நீண்டகாலக் கசிவினால் ஏற்பட்ட சேதம், பாலிசியில் வராது. பாலிசிதாரரே நஷ்டம் இல்லை என்று எழுத்தில் தெரிவித்துள்ளார். வணக்கம்.

அன்று மாலையே சித்தூருக்கு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் செருப்போடு போய் அந்தக் கடிதத்தை நைனா முன்னால் போட்டேன்.

"எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நஷ்டம் இல்லைன்னு."

"வேற இன்னா சொல்றது? வீட்டுக்கு வந்தவன்கிட்ட மாரடிச்சிக்கினு அழுவணுமா? ஒரு உசுருக்கு ஒண்ணும் ஆவல இல்ல?"

"அவன் உங்களுக்கு ஜெபம் பண்ண வரல நைனா! கணக்கெடுக்க வந்தான்!"

"கண்ணு இருந்தா அவனுக்கே தெரியும். நான் வாயால சொல்லித்தான் தெரியணுமா?"

நான் இன்னும் சத்தமாகக் கத்தினேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். பெற்ற அப்பாவைப் பார்த்து, படிக்காதவர் என்று ஒரு பிள்ளை சொல்லக் கூடாது, அதுவும் அவர் தூக்கிய டிரம்மில் படித்த பிள்ளை. நைனா எழுந்து வெளியே போனார். தங்கச்சி என்னைப் பார்த்து, "நாலு வருஷம் பீரோல வெச்சிருந்தது யாரு? அவரா?" என்றாள். அம்மா தட்டில் சோறு போட்டு என் முன்னால் நகர்த்தினாள். துன்னாமல் கிளம்பினேன்.

மறுநாள் கம்பெனியின் திருப்பதி ஆபீசுக்குப் போனேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்குத் தமிழ் நன்றாக வந்தது.

"ஃபைல்ல இருக்கறதுதான் தம்பி எனக்குத் தெரியும். உங்க ஃபாதரே சைன் பண்ணியிருக்கார் பாருங்க."

"சாமிக்கு நன்றி சொன்னா கிளெய்ம் போயிடுமா சார்? பக்கத்து ரூம்ல உங்க ஆபீஸ்லயே படம் மாட்டி ஊதுபத்தி கொளுத்தி வெச்சிருக்கீங்களே, அப்ப உங்களுக்கு இந்த வருஷம் நஷ்டமே இல்லையா?"

"கோவப்படாதீங்க. பைப் வெடிச்சதுன்னு சொல்றீங்க. பைப் எங்க?"

"இல்ல."

"மெத்தை, பூச்சு, ஏதாவது?"

"இல்ல. கழுவிட்டாங்க."

"யாரு?"

"எங்க சபை ஜனங்க."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். அந்தப் பார்வைதான் எனக்குத் தாங்கவில்லை. போனை எடுத்துத் தங்கச்சி அனுப்பிய வீடியோவைத் தேடி, சத்தத்தைக் கூட்டி, அவர் மேஜைமேல் வைத்தேன். சுவரிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் தெரிந்தது, வந்த தேதியும் நேரமும் கீழே இருந்தன. படகு வாங்கி வா என்று அவள் சொன்ன இடத்தில் ஆபீசே சிரித்தது. பக்கத்து மேஜைக்காரர், "இன்னொரு வாட்டி போடுங்க தம்பி" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் இன்னொரு முறை போட்டேன்.

"இதை முதல்லயே குடுத்திருக்கலாமே?"

"உங்க சர்வேயர் கேட்டாரா?"

அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். மறுபரிசீலனை மனு எழுதச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். 'நஷ்டம் இல்லை' என்று என் தந்தை சொன்னது எங்கள் சபையில் நன்றி சொல்லும் முறை, அது சேதத்தின் கணக்கு அல்ல என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அத்தனை வருடம் படித்ததில் நான் எழுதிய மிகக் கஷ்டமான வாக்கியம் அது. நைனாவுக்காக ஒரு அந்நியனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. அவர் செய்த தப்பு என்ன? நன்றி சொன்னார்.

மாதம் முடிந்தது. காலேஜில் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். வரிசையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்கள். சீட்டு போனது. அட்வான்ஸ் திரும்பி வராது என்பது ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதையும் நான் படித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஏழு வாரம் கழித்து வேறொரு சர்வேயர் வந்தார். இந்த முறை நான் வீட்டில் இருந்தேன். நைனா வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு ஒரு ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சர்வேயர் அவரைப் பார்த்து, ரொம்ப நஷ்டமா என்று தெலுங்கில் கேட்டார். நைனா என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார் மெதுவாக, "நஷ்டந்தான்." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்தேன், வென்றேன். அப்படி ஒரு வெற்றி எனக்குத் தேவையே இல்லை.

இந்த ஆள் நியாயமானவர். இழைத்த கதவுகளின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார், தச்சரையும் கொத்தனாரையும் வரவழைத்துக் கேட்டார். ஆனால் அவர் கையும் கட்டப்பட்டிருந்தது. பூச்சும் ஒயரிங்கும் கதவும் கட்டிடம், எழுதிக்கொண்டார். பழசு என்பதற்குக் கொஞ்சம் கழித்தார். அலமாரி சுவரோடு பதித்தது என்று அரைமணி நேரம் வாதாடியதில் பாதி ஒத்துக்கொண்டார். ஃபிரிட்ஜ், கட்டில், மெத்தை, மெஷின், அரிசி எதற்கும் ஒன்றுமில்லை. அந்தக் காலிக் கட்டத்தை அவரிடம் காட்டினேன். "பேங்க்ல கேட்டிருக்கணும் பாபு" என்றார்.

யார் கேட்டிருக்கணும்? கடன் கொடுத்தவன் தன் கடனுக்குப் பாதுகாப்பாகச் சுவரைக் காப்பாற்றிக்கொண்டான். சுவருக்குள் இருந்தவர்களைப் பற்றி அவனுக்கு என்ன?

பாலிசியைப் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டத்தை நானே நிரப்பினேன். தங்கச்சி இந்த சீசன் முழுக்க நைனா வேலை செய்யும் மாங்கூழ் கம்பெனியிலேயே டின்னுக்கு லேபிள் ஒட்டப் போனாள். கையெல்லாம் பசை. காலையில் இருவரும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவார்கள். அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.  அவள் இப்போதெல்லாம் வீடியோ எதுவும் அனுப்புவதில்லை.

வீட்டைச் சரிசெய்யவும் போன பொருட்களைத் திரும்ப வாங்கவும் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து ஐந்நூறு ஆனது. கம்பெனி ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு கொடுத்தது. காலேஜில் போன அட்வான்ஸ் பத்தாயிரம். எங்கள் கையிலிருந்து போனது ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து நூறு ரூபாய்.